உடைந்து வந்த பார்சல்: செயலி சொல்வது வேறு, சட்டம் தருவது வேறு

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பினாங்கில் எந்தக் குடும்பத்து வாட்சப் குழுவைத் திறந்தாலும் ஒரு படமாவது கண்ணில் படும். நசுங்கிய குத்துவிளக்கு, விரிசல் விட்ட கிரைண்டர் கல், எண்ணெய் ஊறிப்போன சேலை. படத்துக்குக் கீழே ஆலோசனைகள் வரிசையாக வரும். "பிரிக்கும்போது வீடியோ எடுத்தியா? இல்லைன்னா ஒன்னும் செய்ய முடியாது." "பொருள் கிடைத்ததுன்னு அமுக்கிட்டியா? அவ்வளவுதான், போச்சு." "கூரியர்காரன் போட்டு உடைச்சதுக்குக் கடைக்காரன் என்ன செய்வான்?" "மலிவு விற்பனையில வாங்கினதைத் திருப்ப முடியாது."

எல்லாம் அக்கறையோடு சொல்லப்படுபவைதான். ஆனால் சில முழுக்கத் தவறு, சில பாதி மட்டுமே சரி. இவற்றை நம்பி 300, 400 ரிங்கிட்டை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நம்மிடையே நிறைய பேர். குறிப்பாக வயதானவர்கள். பிள்ளைகளின் தொலைபேசியில் ஆர்டர் போட்டுவிட்டு, உடைந்து வந்ததைச் சொன்னால் திட்டு விழுமோ என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன். சட்டம் படித்தவர்களுக்கான கட்டுரை இல்லை இது. இணையத்தில் பொருள் வாங்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய அளவு மட்டும் இதில் இருக்கிறது.

முதல் கேள்வி: யாரிடம் வாங்கினீர்கள்?

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் உங்களுக்குப் பழக்கமான ஒரு மளிகைக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசியில் சாமான் சொல்கிறீர்கள், பணத்தையும் அனுப்பிவிடுகிறீர்கள். கடைக்காரர் ஒரு பையனிடம் மூட்டையைக் கொடுத்து மோட்டார் சைக்கிளில் அனுப்புகிறார். வீட்டில் பிரித்தால் நல்லெண்ணெய் பாட்டில் உடைந்து அரிசியெல்லாம் பாழ். நீங்கள் யாரைக் கூப்பிடுவீர்கள்? கடைக்காரரைத்தான். பையன் எந்தக் குழியில் வண்டியை விட்டான், பாட்டிலை யார் கட்டினார்கள் என்பதெல்லாம் அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. உங்கள் பணம் கடைக்காரரிடம் போயிருக்கிறது, உங்களுக்கு நல்ல பாட்டில் வர வேண்டும்.

இணையத்தில் வாங்கும்போதும் ஆட்கள் இவர்களேதான். ஷாப்பி, லசாடா, டிக்டாக் ஷாப் போன்றவை பெரும்பாலும் கடை நடத்த இடம் கொடுப்பவை. பொருளை விற்பவர் அதற்குள் கடை போட்டிருக்கும் வேறொருவர். கூரியர் நிறுவனத்தோடு ஏற்பாடு செய்திருப்பது அந்த விற்பனையாளர், அல்லது அவருக்காகத் தளம். நீங்கள் அந்தக் கூரியரோடு எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. பொருள் வந்ததும் பணம் கொடுக்கும் முறையில் நீங்கள் கூரியர்காரர் கையிலேயே காசைக் கொடுத்திருக்கலாம். அப்போதும் அவர் விற்பவராகிவிடுவதில்லை, விற்பவருக்காக வசூலிக்கிறார், அவ்வளவுதான்.

விற்பனையாளர் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "என் கையைவிட்டுப் போகும்போது நன்றாகத்தான் இருந்தது." இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. மலேசியாவின் 1957-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம், அனுப்பும் நிறுவனத்திடம் பொருளை ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்தது போலத்தான் என்ற எண்ணத்திலிருந்து தொடங்குகிறது. ஆனால் அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாட்டை விற்பவர் செய்திருக்க வேண்டும். செய்யாமல் வழியில் பொருள் சேதமானால், 'கூரியரிடம் கொடுத்ததை என்னிடம் கொடுத்ததாக ஏற்க மாட்டேன்' என்று வாங்கியவர் மறுக்கலாம். கண்ணாடிக் குவளைகளை ஒரே ஒரு சாம்பல் நிற பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பியவர் நியாயமான ஏற்பாடு செய்தேன் என்று சொல்வது கடினம். அதனால் உடைந்த பொருளைப் படம் எடுப்பது போலவே, அது எப்படிக் கட்டப்பட்டு வந்தது என்பதையும் படம் எடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் உடைந்த துண்டுகளின் படத்தைவிட உள்ளே குமிழித்தாள் இல்லாத பெட்டியின் படம்தான் அதிகம் பேசும்.

இதில் ஒரு விதிவிலக்கு. கூரியரையோ டெலிவரி வண்டியையோ நீங்களே ஏற்பாடு செய்து அனுப்பி எடுத்துவரச் சொன்னால், வழியில் நடக்கும் சேதத்துக்கு விற்பவரைப் பிடிப்பது சிரமம்.

சட்டம் உங்களுக்காகச் சொல்லிவைத்த வாக்குறுதி

மலேசியாவில் இதற்கான முக்கியச் சட்டம் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். தொடக்கத்தில் அது மின்னியல் வணிகத்தை விலக்கி வைத்திருந்தது. 2007-இல் வந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. ஆகவே இன்று கடையில் கையால் தொட்டு வாங்கினாலும், படுக்கையில் சாய்ந்தபடி தொலைபேசியில் வாங்கினாலும் பாதுகாப்பு ஒன்றுதான்.

இந்தச் சட்டத்தின் இதயம் 'மறைமுக உத்தரவாதம்' என்ற ஒரு கருத்து. விற்பவர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும், எங்கும் எழுதாவிட்டாலும், விற்பனை நடந்த அந்த நொடியிலேயே அவர் கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் வாக்குறுதி அது. உத்தரவாத அட்டை இல்லாத பொருளுக்கும் இது உண்டு. "இதுக்கு வாரண்டி கிடையாது அக்கா" என்று விற்பவர் சொன்னால் அவர் பேசுவது தயாரிப்பாளர் தரும் அட்டையைப் பற்றி. மறைமுக உத்தரவாதம் அந்த அட்டையைச் சார்ந்து இல்லை.

சேதமான பார்சலுக்கு நேரடியாகப் பொருந்துவது 32-ஆவது பிரிவு. பொருள் 'ஏற்கத்தக்க தரத்தில்' இருக்க வேண்டும் என்கிறது அது. எது ஏற்கத்தக்க தரம்? அந்த வகைப் பொருள் வழக்கமாக எதற்குப் பயன்படுகிறதோ அதற்கு உதவ வேண்டும். தோற்றத்திலும் வேலைப்பாட்டிலும் ஏற்கும்படி இருக்க வேண்டும். சிறு குறைகள்கூட இருக்கக் கூடாது. பாதுகாப்பாக இருக்க வேண்டும், நீடித்து உழைக்க வேண்டும். இத்தனையையும் விவரம் தெரிந்த ஒரு நியாயமான பயனீட்டாளர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்க்க வேண்டும். விலையும் பொருளின் தன்மையும் அதில் கணக்கில் வரும். 15 ரிங்கிட் முறுக்கு அச்சு பத்து வருடம் உழைக்கவில்லை என்று யாரும் புகார் செய்ய மாட்டார்கள். ஆனால் வந்த அன்றே கைப்பிடி முறிந்திருந்தால் 15 ரிங்கிட்தானே என்று சட்டம் சொல்வதில்லை.

தோற்றம் என்ற சொல்லைக் கவனியுங்கள். "விளக்கு எரியுதுல்ல, ஒரு நெளிவு இருந்தா என்ன?" என்ற பதில் செல்லாது. பூசையறையில் வைக்க வாங்கும் குத்துவிளக்குக்குத் தோற்றமே பாதிப் பயன்.

34-ஆவது பிரிவு, பொருள் விவரிப்போடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது. பக்கத்தில் 'பித்தளை' என்று எழுதி, வந்தது முலாம் பூசிய தகரமாக இருந்தால் இந்தப் பிரிவு உதவும். அதனால் வாங்கிய பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது. விற்பவர் பிறகு விவரிப்பை மாற்றிவிட முடியும்.

மலிவு விற்பனைக்கு வருவோம். விலை குறைத்து விற்றதால் உத்தரவாதம் போய்விடாது. ஒன்று மட்டும் மாறும்: விற்பவர் 'இந்த அடுப்பின் இடது பக்கம் கீறல் இருக்கிறது' என்று வாங்குவதற்கு முன்பே குறிப்பாகக் காட்டியிருந்தால், அந்தக் கீறலுக்காகக் குறை சொல்ல முடியாது. அடுப்பே பற்றவில்லை என்றால் சொல்லலாம்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வாசகமோ, விதிமுறைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள வரியோ இந்த உத்தரவாதத்தை அழிக்காது. ஒப்பந்தத்தில் எதிராக என்ன எழுதியிருந்தாலும் தன் விதிகளே செல்லும் என்று 6-ஆவது பிரிவு சொல்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: உங்கள் எதிர்த்தரப்பு விற்பனையாளர். எழுதாத ஒரு வாக்குறுதி அவரைக் கட்டுகிறது. அதை அவரே எழுதி அழித்துவிட முடியாது.

பழுதா, மாற்றா, பணமா?

இங்கேதான் இரண்டு பக்கமும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விற்பவர் "சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்க" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்வார். வாங்கியவர் எல்லாவற்றுக்கும் முழுப் பணம் கேட்பார். சட்டம் குறையின் அளவைப் பார்த்துப் பிரிக்கிறது.

சரிசெய்யக்கூடிய குறை என்றால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்யும்படி நீங்கள் விற்பவரைக் கேட்கலாம். அவர் பழுது பார்த்துத் தரலாம், அதே வகையில் வேறொன்று தரலாம். பழுது பார்ப்பதை அவரிடம் நியாயமாக எதிர்பார்க்க முடியாத நிலையில் பணத்தைத் திருப்பித் தரலாம். கிரைண்டரின் மூடி உடைந்து வந்தால் புது மூடி அனுப்புவது நியாயமான தீர்வு. முழு இயந்திரத்தையும் திருப்புவேன் என்று பிடிவாதம் பிடித்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது.

சரிசெய்ய முடியாத குறை, அல்லது 'கணிசமான குறை' என்றால் நிலைமை வேறு. குறையை முன்கூட்டியே அறிந்திருந்தால் எந்த நியாயமான மனிதரும் வாங்கியிருக்க மாட்டார் என்ற அளவுக்கு இருந்தால் அது கணிசமான குறை. விவரிப்பிலிருந்து பெரிதும் விலகியிருப்பது, பயன்பாட்டுக்கே பெரிதும் உதவாமல் இருப்பது, பாதுகாப்பற்றதாக இருப்பது ஆகியவையும் அதில் சேரும். கிரைண்டர் கல்லே பிளந்திருக்கிறது, உட்கம்பி வெளியே தெரிகிறது என்றால் இதுதான். அப்போது பொருளை மறுக்கும் உரிமை உங்களுக்கு வருகிறது. மறுத்த பின் பணம் வேண்டுமா, அதே வகையில் அதே மதிப்புள்ள மாற்றுப் பொருள் வேண்டுமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். 'கடையில் செலவழிக்க வவுச்சர் தருகிறோம்' என்பதை நீங்கள் விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. மறுக்க மனமில்லை, வைத்துக்கொள்கிறேன் என்றால் குறைந்துபோன மதிப்புக்கு ஈடு கேட்கலாம்.

முதல் வகையில் விற்பவர் சரிசெய்ய மறுத்தாலோ, இதோ அதோ என்று இழுத்தடித்தாலோ நீங்கள் வெளியே பழுது பார்த்துச் செலவை அவரிடம் கேட்கலாம், அல்லது பொருளை மறுக்கலாம். இழுத்தடித்தல் அவருக்குச் சாதகம் ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே சட்டம் இந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

குறைபாட்டால் விளைந்த வேறு நட்டமும் உண்டு. எண்ணெய் பாட்டிலையும் பட்டுச் சேலையையும் ஒரே கடையில் வாங்கி, ஒரே பெட்டியில் வந்து, எண்ணெய் கசிந்து சேலை கெட்டால் சேலையின் நட்டத்தையும் கேட்கலாம். இப்படி நடக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய நட்டமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

திருப்பி அனுப்பும் செலவு யாருடையது?

மறுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது பொதுவாக வாங்கியவரின் வேலை. ஆனால் குறையின் தன்மையாலோ, பொருளின் அளவாலோ பெருஞ்செலவு இல்லாமல் திருப்ப முடியாது என்றால் விற்பவர் தன் செலவில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அலமாரி, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றுக்கு இது பொருந்தும். பட்டர்வொர்த்தில் நான்காம் மாடியில் இருக்கும் ஓர் அம்மாவைப் பார்த்து "அம்மா, நீங்களே கூரியர் பிடித்து ஜொகூருக்கு அனுப்புங்கள்" என்று சொல்ல விற்பவருக்கு உரிமை இல்லை.

அதுவரை பொருளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மறுக்கும் உரிமை சில வழிகளில் பறிபோகும்: நியாயமான காலத்துக்குள் மறுக்காமல் விட்டால், பொருளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், பொருள் தொலைந்தால், வந்த பிறகு வேறு காரணத்தால் மேலும் சேதமானால். உடைந்த கண்ணாடியைக் குழந்தைகள் மிதித்துவிடுவார்கள் என்று குப்பையில் போடும் தாயின் மனம் புரிகிறது. ஆனாலும் ஒரு பெட்டியில் போட்டு, ஒட்டி, உயரத்தில் வையுங்கள்.

செயலியின் கெடுவும் சட்டத்தின் காலமும்

என் பார்வையில் மிகப் பெரிய குழப்பம் இதுதான்.

தளங்கள் உங்கள் பணத்தை உடனே விற்பவரிடம் கொடுப்பதில்லை. பொருள் கிடைத்தது என்று நீங்கள் உறுதி செய்யும் வரை, அல்லது ஒரு குறிப்பிட்ட காலம் முடியும் வரை தம்மிடம் வைத்திருக்கின்றன. இந்தக் காலத்துக்குள் செயலியிலேயே திருப்பித் தரக் கோரலாம். இது மிக நல்ல ஏற்பாடு. பணம் இன்னும் நடுவில் இருப்பதால் காரியம் சீக்கிரம் முடியும். பெரும்பாலான சிக்கல்கள் இங்கேயே தீர்ந்துவிடுகின்றன. அதனால் பிரித்துப் பார்க்காமல் உறுதிப் பொத்தானை அமுக்காதீர்கள். நாணயம், புள்ளி என்று எதைக் காட்டி அமுக்கச் சொன்னாலும் சரி.

ஆனால் இந்தக் கெடு தளத்தின் விதி. அது முடிந்தால் தளம் வழியாகச் சுலபமாகப் பணம் பெறும் வழி மூடுகிறது. விற்பவர் மேல் சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை அதோடு மூடுவதில்லை. மறுப்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு 'நியாயமான காலம்'. பொருளின் வகை, அதை எப்படி, எவ்வளவு பயன்படுத்துவார்கள், குறை வெளியே தெரிய எவ்வளவு காலம் ஆகும் என்பதையெல்லாம் வைத்து அது கணிக்கப்படும். உடைந்து வந்த கண்ணாடிக்கு அது சில நாள்தான், ஏனென்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பொங்கலுக்கு என்று முன்கூட்டியே வாங்கி வைத்த மின்சார அடுப்பின் உள்ளே இருக்கும் விரிசல், முதல் முறை சூடேற்றும்போதுதான் தெரியும் என்றால் காலமும் அதற்கேற்ப நீளும்.

ஆகவே "கெடு முடிஞ்சிருச்சு, சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது" என்று விற்பவர் சொன்னால், சிஸ்டம் ஏற்காதது உண்மையாக இருக்கலாம், அவர் பொறுப்பு அப்படியே இருக்கிறது.

வீடியோ இல்லாவிட்டால்?

பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும் என்று இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. அது விற்பவர்கள் வைக்கும் நிபந்தனை. வீடியோ ஓர் ஆதாரம், நல்ல ஆதாரம். அது மட்டுமே ஆதாரம் என்று சொல்வதுதான் தவறு.

குற்றம் சாட்டுபவர் காட்ட வேண்டும் என்ற பொறுப்பு உங்களுக்கு உண்டு, அதை மறக்கக் கூடாது. பெட்டியின் எல்லாப் பக்கங்களும், கூரியர் ஒட்டிய சீட்டும் எண்ணும், உள்ளே கட்டிய விதமும், உடைந்த இடமும் தெரியும்படி அன்றே படம் எடுத்து அன்றே விற்பவருக்கு அனுப்பினால், அந்த நேரம் பதிவாகிவிடும். மூன்று வாரம் கழித்து எடுக்கும் பத்து வீடியோவைவிட அதற்கு மதிப்பு அதிகம். கொண்டோவில் காவலர் அறையில் நாள் கணக்கில் பார்சலை விட்டுவைத்தால் அங்கே யார் தள்ளினார்கள், மேலே எது விழுந்தது என்ற கேள்வி எழும். பார்சல் வந்ததும் எடுத்துவிடுங்கள். கூரியர்காரர் கேட்டுக்கு மேலே வீசிவிட்டுப் போன காட்சி வீட்டு கேமராவில் இருந்தால் அதையும் சேமித்து வையுங்கள்.

பேச்சை எல்லாம் செயலியின் உரையாடலிலோ வாட்சப்பிலோ எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் அழைத்துப் பேசினால், பேசி முடித்ததும் "நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் புதுக் கல் அனுப்புவதாகச் சொன்னீர்கள்" என்று ஒரு வரி அனுப்புங்கள். என்ன வாங்கினீர்கள், எப்போது வந்தது, என்ன குறை, என்ன வேண்டும், எந்த நாளுக்குள் வேண்டும் என்ற ஐந்தும் ஒரே செய்தியில் இருந்தால் போதும். கோபமான சொல் ஒன்றும் வேண்டாம், அந்தச் செய்தியைப் பிறகு மூன்றாம் மனிதர் ஒருவர் படிக்க வேண்டிவரலாம்.

அமைச்சும் நடுவர் மன்றமும்: இரண்டும் ஒன்றில்லை

"பெங்குனாவில் புகார் பண்ணிட்டேன், பணம் வரவே இல்லை" என்று சிலர் சொல்வார்கள். பெங்குனா என்பது பயனீட்டாளரைக் குறிக்கும் மலாய்ச் சொல். கேட்டுப் பார்த்தால் அவர்கள் புகார் செய்தது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம். அமைச்சின் வேலை அமலாக்கம். விற்பவர் விதியை மீறினாரா என்று பார்த்து அவர் மேல் நடவடிக்கை எடுப்பது. அங்கே புகார் செய்வது அவசியம்தான், ஒரே ஆள் பலரை ஏமாற்றும்போது அதுதான் தடுக்கும். ஆனால் உங்கள் பணத்தைத் திருப்பித் தரும்படி கட்டளையிடும் இடம் வேறு.

அந்த இடம் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். நீதிமன்றத்துக்குப் போகாமல் சிறிய கோரிக்கைகளைத் தீர்த்துக்கொள்ள அதே 1999 சட்டம் அமைத்தது. மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கையின் உச்ச வரம்பு 50,000 ரிங்கிட், 2019 திருத்தத்துக்கு முன் அது 25,000 ஆக இருந்தது. கோரிக்கைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

நம் ஆட்களுக்கு உள்ள பெரிய அச்சம் வழக்கறிஞரைப் பற்றியது: "அவங்க லாயர் வைப்பாங்க, நாம என்ன பேச?" இங்கே இரண்டு தரப்பும் வழக்கறிஞரை வைத்து வாதாட முடியாது. பெரிய நிறுவனமானாலும் தன் சொந்த ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். முதலில் இரு தரப்பையும் சமரசம் பேச வைத்துப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் விசாரணை. விசாரணை தொடங்கிய முதல் நாளிலிருந்து, இயன்றவரை 60 நாளுக்குள் முடிவு வழங்க வேண்டும் என்பது விதி. எதிர்த்தரப்பு வராமலே இருந்தாலும் மன்றம் கேட்டு முடிவு வழங்கலாம். நீங்கள் வராவிட்டால் உங்கள் மனு தள்ளுபடியாகலாம், அதனால் அந்தத் தேதிக்கு விடுமுறை எடுத்துவிடுங்கள். முடிவை 14 நாளுக்குள் நிறைவேற்றாமல் இருப்பது குற்றம், அபராதமும் சிறையும் உண்டு.

மனுவில் எதிர்த்தரப்பின் பெயர், பதிவு எண், முகவரி வேண்டும். பலர் இங்கே முட்டி நின்றுவிடுகிறார்கள், கையில் இருப்பது கடையின் செல்லப்பெயர் மட்டும். இதற்காகவே மின்னியல் வணிக விதிமுறைகள் இருக்கின்றன. முதலில் 2012-இல் வந்தன, 2024-இல் புதிய விதிமுறைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. விற்பவர் தன் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், போக்குவரத்துச் செலவு உட்பட முழு விலை, பொருள் வந்துசேரும் உத்தேசக் காலம் ஆகியவற்றை வாங்குபவருக்குக் காட்ட வேண்டும். தளம் நடத்துபவர்கள் தம்மிடம் விற்பவர்களின் விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். கடைப் பக்கத்தில் இல்லாவிட்டால் தளத்திடம் எழுதிக் கேளுங்கள்.

படிவம் நிரப்பத் தயங்குகிறவர்கள் பினாங்கில் இருந்தால், மஸ்ஜிட் நெகிரி சாலையில், நாம் கிரீன் லேன் என்று சொல்லும் இடத்தில், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல பத்தாண்டுகள் தலைமை தாங்கிய சங்கம். நம் மொழியிலேயே பேசி வழி கேட்கலாம்.

கூரியரின் நடத்தையைப் பற்றி மட்டும் புகார் என்றால், முதலில் அந்த நிறுவனத்திடம் எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் அஞ்சல், கூரியர் சேவைகளைக் கண்காணிக்கும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் போகலாம். பணத்துக்கான கோரிக்கை மட்டும் விற்பவரிடமே இருக்கட்டும்.

இந்தச் சட்டம் எட்டாத இடங்கள்

மனம் மாறியதற்குத் திருப்பித் தரும் உரிமை இந்த உத்தரவாதத்தில் இல்லை. நிறம் பிடிக்கவில்லை, தங்கச்சி இதே மாதிரி வாங்கிவிட்டாள் என்பதெல்லாம் தளத்தின் பெருந்தன்மையைப் பொறுத்தது.

வியாபாரமாகச் செய்யாத ஒருவர் தன் வீட்டுப் பழைய சோபாவைப் பேஸ்புக்கில் விற்றால் அவர் சட்டம் சொல்லும் விற்பனையாளர் இல்லை. நடுவர் மன்றத்துக்கு அவரை இழுக்க முடியாது. அதே போல, மறுபடி விற்பதற்காக வாங்குகிறவர் பயனீட்டாளர் இல்லை. வீட்டிலிருந்தே வளையலும் புடவையும் விற்கும் நம் பெண்கள் மொத்தமாக வாங்கும் சரக்கு சேதமாக வந்தால் அது வியாபாரிக்கும் வியாபாரிக்கும் உள்ள தகராறு. அவர்கள் ஆர்டர் போடும் முன்பே சேதத்துக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் பேசி வைப்பது நல்லது.

கடைசியாக வெளிநாட்டு விற்பனையாளர். சீனாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ நேரே அனுப்புகிறவர்மேல் இங்கே முடிவு வாங்கினாலும், அவரைப் பணம் கட்ட வைப்பது மிகக் கடினம். அங்கே தளத்தின் கெடு உண்மையிலேயே உங்கள் சிறந்த வாய்ப்பு, ஒரு நாளும் தவறவிடக் கூடாது. கடன் அட்டையில் கட்டியிருந்தால், அட்டை தந்த வங்கியிடம் அந்தக் கட்டணத்தை மறுத்து விண்ணப்பிக்கலாம். அதற்கும் காலவரம்பு உண்டு, ஆகவே தளம் கைவிரித்த அன்றே வங்கியை அழையுங்கள். நேரே வங்கிக் கணக்குக்குப் பணம் மாற்றச் சொல்லும் வெளிநாட்டுக் கடையில், சேலை எவ்வளவு அழகாக இருந்தாலும், உடைந்தாலும் கிழிந்தாலும் பிடித்துக்கொள்ள உங்களுக்கு எந்தப் பிடியும் இருக்காது. அங்கே வாங்காதீர்கள்.